ஒழுக்கு

நான் கதைகளில் இதுவரை பதினேழு வீடுகள் கட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவற்றில் திண்ணை வைத்த வீடு உண்டு. முற்றத்தில் பவழமல்லி பூத்துச் சொரிந்த வீடு உண்டு. பாழடைந்த ஜமீன் மாளிகை ஒன்றுகூட உண்டு. மழைக்கும் என்னிடம் பஞ்சமில்லை. கதாநாயகி கண் கலங்கினால் போதும், வானமும் கூடவே கலங்கிவிடும். ஆனால் அந்தப் பதினேழு வீடுகளில் ஒன்றாவது ஒழுகியதில்லை. “ஐயா, உங்கள் கதையில் இவ்வளவு மழை பெய்கிறதே, கூரை என்ன ஆயிற்று?” என்று எந்த வாசகரும் கேட்டு எழுதியதும் இல்லை. வாசகர்கள் பெருந்தன்மை உள்ளவர்கள்.

கூரை பற்றி எனக்கு முதன்முதலாகப் பாடம் சொல்லித் தந்தது என் சொந்த வீடு. மன்னார்குடிக்குக் கிழக்கே, ஊர்ப் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஓர் ஊரில் இருக்கிறது அது. தாத்தா கட்டியது. வாசல் பக்கம் மங்களூர் ஓடு. கொல்லைப் பக்கம் நாட்டு ஓடு. கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் மேலே பலகை அடித்த மச்சு. மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் ஓர் இருட்டு உலகம். சிறு வயதில் எங்களை அடக்குவதற்கு, “மச்சிலே போட்டுப் பூட்டிடுவேன்” என்ற ஒரு வார்த்தை போதும். நாற்பது வயதைக் கடந்த பிறகும் அந்தப் பயம் எனக்கு முழுதாக விட்டுப் போகவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா காலமான பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். நான் சென்னையில், தம்பி பெங்களூரில். இரண்டு பேரும் அம்மாவைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் வீட்டுக்கும் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, பதினோராம் நாள் காலையில் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். அதற்குமேல் வற்புறுத்த எங்களுக்குத் துணிவு வரவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “இங்கே என்ன குறைச்சல்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பாள். நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் பாயை விரித்துப் படுத்து அண்ணாந்து பார்த்தபோது, மச்சுப் பலகையில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறை தெரிந்தது. நடுவில் வெளுப்பு, ஓரத்தில் டிகாக்ஷன் நிறத்தில் ஒரு வளையம், அதற்கு வெளியே இன்னொரு வளையம்.

“அம்மா, அது என்ன?”

“எது?”

“மேலே. ஒழுகியிருக்கே?”

“அது பழசு, தம்பி. உங்க அப்பா காலத்துலேயே உண்டு.”

அப்பா காலத்தில் அது இல்லை. அப்பா காலத்தில் அதே இடத்தில்தான் நான் படுத்திருந்தேன். பலகையில் எத்தனை முடிச்சு, எந்த முடிச்சுக்கு யானை முகம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பேச்சு அத்துடன் முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

தஞ்சைச் சீமைக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். இருபது நாளில் ஐப்பசி பிறக்கப் போகிறது. தம்பியிடம் கைப்பேசியில் சொன்னேன். அவன் எஞ்சினீயர். “அண்ணே, ஓட்டு வீட்டுக்குச் செலவு பண்றது ஓட்டைப் பானையிலே தண்ணி ஊத்துற மாதிரி. ஒண்ணு, இடிச்சிட்டு கான்கிரீட் போடணும். இல்லேன்னா வித்துட்டு அம்மாவை இங்கே கூட்டிட்டு வரணும்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கான்கிரீட்டும் ஒழுகத்தான் செய்கிறது. உள்ளே புகுந்த ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, கீழ்ப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சென்னையில் நான் குடியிருக்கும் வீட்டில் அந்தக் காட்சியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். “முதலில் பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்றேன்.

ஓட்டு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். எழுபது வயது இருக்கும். எங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். “வெயில் ஏறிட்டா உள்ளே இருக்க முடியாது, தம்பி. அப்பளம் மாதிரி பொரிஞ்சு போயிடுவோம்” என்றார். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டச் சொன்னார். கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, ஒரு சாக்கட்டி. “பலகை மேலே கால் வைக்காதீங்க. அடியிலே சட்டம் ஓடுற இடத்துல மட்டும் வைங்க. கையை ஊனும்போது பார்த்து ஊனுங்க. தேள் இருக்கும்” என்றார். தேள் விஷயத்தைக் கடைசியாகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி. முதலில் சொல்லியிருந்தால் நான் ஏணியில் கால் வைத்திருக்க மாட்டேன்.

உள்ளே போனதும் டார்ச்சை அடிக்கப் போனேன். “விளக்கை அணைங்க” என்றார். கும்மிருட்டு. கண் பழகுவதற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு பார்த்தால், தலைக்கு மேலே நட்சத்திரம் பூத்தாற்போல் அங்கும் இங்கும் வெளிச்சப் புள்ளிகள். “இத்தனை ஓட்டையா?” என்றேன். பெரியவர் சிரித்தார்.

“வெளிச்சம் வர்ற இடமெல்லாம் தண்ணி வராது, தம்பி. தண்ணி வர்ற இடமெல்லாம் வெளிச்சமும் வராது.”

முதல் வாக்கியம் எனக்கு உடனே புரிந்தது. ஓட்டுக்கு ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும் இடத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் நுழையும். ஆனால் மேலிருந்து விழும் மழை சரிவில் வழிந்து போய்விடும். இரண்டாவது வாக்கியம் விளங்க அன்று மாலை வரை ஆயிற்று.

மங்களூர் ஓட்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அங்கிருந்து அந்த ஓடு மேற்குக் கரை முழுவதும் பரவி, மலையைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. நாட்டு ஓட்டைப்போல் அது வெறுமே அடுக்குவதல்ல. ஓரத்தில் வரம்பும் பள்ளமும் உண்டு. ஓர் ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு போதும். மச்சிலிருந்து பார்த்தால் ஒவ்வோர் ஓட்டின் வயிற்றிலும் அதைச் செய்த தொழிற்சாலையின் பெயர் எழுத்துக்களாகப் புடைத்து நிற்கும். எங்கள் கூரையில் அன்று டார்ச் வெளிச்சத்தில் மூன்று வெவ்வேறு பெயர்களைப் படித்தேன்.

“இதான் வியாதி” என்றார் பெரியவர். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் பகுதியில் தென்னை சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஓடு பறந்த கதையை யாரும் அதிகம் எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் முகட்டை ஒட்டி ஒரு பக்கம் முழுதும் பெயர்ந்துவிட்டது. ஊர் முழுக்க ஓட்டுக்கு அலைந்த சமயம். எங்கே எது கிடைத்ததோ அதை வாங்கி மூடினோம். ஒரு தொழிற்சாலையின் வரம்பு இன்னொரு தொழிற்சாலையின் பள்ளத்தில் சரியாக உட்காருவதில்லை. பார்வைக்குக் கூரை மூடிவிட்டது. நானும் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன்.

இதைக் கேட்டுக்கொண்டே நான்கு அடி முன்னால் நகர்ந்தபோது என் காலில் எதுவோ இடறி, கணீரென்று சத்தம் கேட்டது. டார்ச்சை அடித்தேன். பாட்டியின் பித்தளை அண்டா. அதற்கு அப்பால் ஓர் எவர்சில்வர் வாளி. இன்னும் தள்ளி ஓர் அலுமினியப் பேசின். மூலையில் எங்களைக் குழந்தையாக இருக்கும்போது குளிப்பாட்டிய குண்டான். ஒரு பழைய மாவுச் சட்டியும் இருந்தது. மொத்தம் ஐந்து பாத்திரங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒழுக்குக்கு நேர் கீழே அச்சடித்தாற்போல் வைத்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வற்றி வற்றி, சுண்ணாம்புக் கோடுகள் வளையம் வளையமாகப் படிந்திருந்தன.

நான் கீழே இறங்கிப் போய் அம்மாவின் எதிரில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“பக்கத்து வீட்டுப் பையன் ஏறி இறக்கிக் கொட்டுவான். ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். போன கார்த்திகையிலே அவனுக்குப் பரீட்சை. ரெண்டு நாள் வரலே. அதிலேதான் கறை ஆயிட்டுது.”

“எத்தனை வருஷமாக?”

“புயலுக்கு அப்புறம்தான்.”

“ஏம்மா சொல்லலே?”

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். “சொன்னா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டை இடிச்சிருப்பீங்க. இல்லேன்னா வித்திருப்பீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன் தம்பி பேசியதை அவள் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவன் பேசுவான் என்பதும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடமிருந்து வீட்டைக் காப்பாற்றுவதற்காக, மழையிலிருந்து வீட்டைக் காப்பாற்றும் வேலையை அவள் ஒருத்தியே, பத்துப் பத்து ரூபாயாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

மறுபடி மேலே போனேன். பெரியவருக்குப் பாத்திரங்களைப் பார்த்து ஆச்சரியம் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்து மச்சுகளில் அவர் இதைவிடப் பெரிய பாத்திரக் கடைகளைப் பார்த்திருக்கிறாராம்.

“இந்த அஞ்சும் பிரச்சினையே இல்லை, தம்பி. சொட்டுற தண்ணி யோக்கியமான தண்ணி. இங்கேதான் இருக்கேன்னு சத்தம் போடுது. நீங்களும் சட்டி வச்சுடுறீங்க. சத்தம் போடாத தண்ணி ஒண்ணு இருக்கும். அதைத்தான் பார்க்கணும்.”

அவர் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கினார். நான் நேராக அடித்துக்கொண்டிருந்த வெளிச்சத்தை அவர் மரத்தோடு மரமாகப் படுக்க வைத்து அடித்தார். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த கைமரம், சாய்ந்த வெளிச்சத்தில் வேறு முகம் காட்டியது. ஒரு சட்டத்தில் கறுப்புக் கோடு நீளமாக இறங்கியிருந்தது. ஆணித் தலைகளைச் சுற்றித் துரு கண்ணீர்போல் வழிந்திருந்தது. சுவர் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. கறையைப் பார்த்தால் அதன் நேர் மேலே பார்க்கக் கூடாதாம். சரிவில் மேல் நோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமாம். ஓட்டு இடுக்கில் நுழைந்த தண்ணீர் உடனே விழுந்துவிடுவதில்லை. மரத்தின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, சரிவில் பல்லியைப்போல் இறங்கிப் போகும். ஆணியோ முடிச்சோ குறுக்குச் சட்டமோ வழி மறிக்கும் இடத்தில்தான் சொட்டும். எதுவும் மறிக்காவிட்டால் சொட்டாமலே சுவருக்குள் போய்விடும்.

கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து தவழ்ந்தோம். அது கூடத்தைத் தாண்டிப் பக்கத்து அறையின் மேலே போயிற்று. அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. அந்த அறையின் மச்சுப் பலகையில் கறையும் இல்லை. பழைய கோணியை ஈரத்தோடு மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை மட்டும் இருந்தது. உத்தரம் சுவரில் செருகியிருக்கும் இடத்தில் பெரியவர் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். வேறு இடத்தில் அழுத்தியபோது தேக்கு ‘டக்’கென்று பதில் சொல்லித் திருப்புளியைத் திருப்பி அனுப்பியது. இங்கே பதிலே இல்லை. ஊறிய அவலில் விரல் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது.

அந்த உத்தரத்தின் முனைக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில்.

மரத்தைத் தண்ணீர் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையல்ல. வெனிஸ் நகரத்தின் பழைய கட்டடங்கள் பல நூற்றாண்டுகளாகத் தண்ணீருக்கு அடியில் அடித்த மரக்கால்கள்மேல்தான் நிற்கின்றன. உலர்ந்த மரமும் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும். நனைந்தும் நனையாமலும், காய்ந்தும் காயாமலும் இருக்கும் மரம்தான் கெட்டுப்போகிறது. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். அதிலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரு மழையில் ஏறிய ஈரம் அடுத்த மழை வரை அங்கேயே குடியிருக்கும். வெளியே தெரியும் நீளமெல்லாம் இரும்பாக இருக்க, பாரம் தாங்கும் முனை மட்டும் உள்ளே அவலாகிப் போகும்.

வியாதி தெரிந்துவிட்டது, தண்ணீர் நுழையும் இடம் தெரியவில்லை. மாலையில் அதற்கு ஒரு பரீட்சை நடத்தினோம். பெரியவர் வெளியே ஏணி சாத்திக் கூரைமேல் ஏறினார். நான் மச்சுக்குள் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், அதாவது அம்மாவின் கூட்டாளி, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். கீழ் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக மேலே போக வேண்டும். ஓரிடத்தில் ஊற்றிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது எங்கே நுழைந்தது என்று தெரியாமல் போய்விடும். மர்மக் கதை எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இது.

“வருதா, தம்பி?”

“இல்லை.”

அடுத்த வரிசை. “வருதா?”

“இல்லை.”

ஒன்பதாவது தடவை அவர் இருந்தது கூடல்வாயில். அதாவது வாசல் பக்கத்துச் சரிவும் அறைப் பக்கத்துச் சரிவும் வந்து சேரும் பள்ளத்தில். ஊற்றினார். என் தலைக்கு மேலே ஒன்றும் சொட்டவில்லை. ஒரு வெளிச்சப் புள்ளிகூட அங்கே இல்லை. ஆனால் டார்ச்சைப் படுக்க வைத்துப் பார்த்தபோது, கறுப்புக் கோட்டின் உச்சியில் மரம் மினுமினுத்தது. மினுமினுப்பு நகர்ந்தது. சத்தமே இல்லாமல், ஏழெட்டு அடி தூரம் இறங்கி வந்து, என் கண் எதிரே உத்தரத்தின் முனையை ஒட்டிச் சுவருக்குள் போயிற்று. “வருது! வருது!” என்று கத்தினேன்.

“விழுந்துட்டியா?” என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் அலறியது.

கூடல்வாயில் அடித்திருந்த தகரம் இற்றுப்போயிருந்தது. வேப்பஞ்சருகு அதன்மேல் அணை கட்டியிருந்தது. அணையில் தேங்கிய தண்ணீர் தகரத்தின் ஓட்டை வழியாக, வெளிச்சம் புக முடியாத சருகு மெத்தைக்கு அடியில், நிதானமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவரின் இரண்டாவது வாக்கியம் எனக்கு அப்போது விளங்கியது. புயலுக்கு முன்பே இது தொடங்கியிருக்க வேண்டும் என்றார் அவர். ஆகவே அம்மாவைக் குறை சொல்ல வழியில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஐந்து ஒழுக்கையும் காவல் காத்திருக்கிறாள். ஆறாவது அவள் தலைக்கு மேலே இருந்தது அவளுக்கே தெரியாது.

அன்று இரவு தம்பிக்குச் சொன்னேன். உத்தரத்தைச் சொன்னேன்; கட்டிலைச் சொன்னேன். பாத்திரங்களைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு அதையும் சொன்னேன். மறைத்தால் ஏழாவது ஒழுக்கு என்னிடமிருந்து ஆரம்பமாகும். நீண்ட நேரம் அவன் பக்கத்தில் சத்தமே இல்லை. “அந்தக் குண்டானா?” என்றான் கடைசியில். பிறகு, “அண்ணே, பாதிப் பணம் நான் அனுப்புறேன். விக்கிற பேச்சு இப்போ வேண்டாம்” என்றான்.

உத்தரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, இற்ற முனையை அறுத்து எடுத்துப் புதுத் தேக்கு சேர்த்தார்கள். கூடல்வாய்க்குப் புதுத் தகரம் வந்தது. பொருந்தாத ஓடுகளை எடுத்துவிட்டு, பழைய வீடு பிரிக்கிற இடத்தில் எங்கள் ஓட்டின் ஜாதியாகப் பார்த்து 140 ஓடு வாங்கினோம். ஒரு நாவலுக்குக் கிடைத்த பணம் அதில் கரைந்தது. அந்த நாவலின் கதாநாயகி மழையில் நின்றே மூன்று அத்தியாயம் அழுகிறாள். போகட்டும், அவள் கண்ணீர் ஒரு கூரைக்கு உதவிற்று.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு நான் ஊரில் இருந்தேன். அதற்காகவே போயிருந்தேன். நள்ளிரவில் ஏணி வைத்து மேலே ஏறி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலைக்கு ஓரடி மேலே மழை ஓட்டில் இரைந்தது. காது கொடுத்துக் கேட்டேன், சொட்டு இல்லை. டார்ச்சைப் படுக்க வைத்து உத்தரம் வரை பார்த்தேன், மினுமினுப்பு இல்லை. கையால் தடவினேன். உலர்ந்திருந்தது. சிறு வயதில் பயந்த அந்த இருட்டு இவ்வளவு கதகதப்பானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கப் போகும்போது மூலையில் ஒரு பாத்திரம் கண்ணில் பட்டது. அண்டா, வாளி எல்லாம் எப்போதோ கீழே இறங்கிப் புளி போட்டுத் துலக்கியாகிவிட்டது. அந்தக் குண்டான் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.

“அம்மா, குண்டானை மறந்துட்டீங்க. எடுத்துட்டு வரட்டுமா?” என்று மேலிருந்து கேட்டேன்.

“மறக்கலே” என்றாள் அம்மா. “அது அங்கேயே இருக்கட்டும், தம்பி.”

நான் அதை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். வருஷா வருஷம் புரட்டாசியில் மச்சு ஏறுகிறேன். டார்ச், திருப்புளி, சாக்கட்டி எல்லாவற்றோடும் போகிறேன். முதல் வேலையாகக் குண்டானுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன்.